நாற்பத்தொரு பேர்

ஞாயிற்றுக்கிழமை பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. அன்று அங்கே பல்லைப் பிடுங்க மாட்டார்கள், உயிரைத்தான் வாங்குவார்கள். காத்திருப்பவர்கள் அறையில், சொத்தைப் பல்லைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்துக்குக் கீழே, முதலீட்டாளர் மன்றம் கூடும்.

தலைவர், பல் டாக்டர். இடம், நாற்காலிகள், வெள்ளைப் பலகை எல்லாம் தன்னுடையவை என்பதால் முடிவும் தன்னுடையதாக இருப்பதே நியாயம் என்று நினைப்பவர். வாரத்தில் ஆறு நாள், வாயைப் பிளந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்களிடமே பேசிப் பழகியவர் அல்லவா! உறுப்பினர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மேடம். எந்தப் பங்கும் விழுந்தே தீரும் என்று சத்தியம் செய்யும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அவரைப் பாலிசிக்காரர் என்பார்கள். அப்புறம் செக்கர். ரயிலில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து, கழிப்பறைக்குள் ஒளிந்தவர்களைக்கூட வெளியே இழுத்து அபராதம் கட்ட வைத்தவர்.

உலகமெல்லாம் கடை பரப்பியிருக்கும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கலாமா, வேண்டாமா என்று மன்றத்தில் நான்கு மாதமாக விவாதம். கம்பெனி வெளியிடும் கணக்கை நம்புகிறவன் ஏமாளி என்பது டாக்டரின் கட்சி. ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஓர் உறுப்பினர் பெரிய தெருவிலிருக்கும் மின்சாதனக் கடைக்குப் போய், அந்தக் கம்பெனியின் மேசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் எண்ணி வர வேண்டும். டாக்டர் இதற்கு 'கள ஆய்வு' என்று பெயர் வைத்திருந்தார். இந்த மாதம் செக்கரின் முறை.

"நாப்பத்தொரு பேர்" என்றார் செக்கர்.

மற்ற மூவரும் நாற்காலியில் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உண்மை என்னவென்றால், செக்கர் கடைக்குப் போனார். கம்பெனியின் மேசைக்கு எதிரே கட்டில், நாற்காலி விற்கும் பிரிவு. அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சோபா. கடைக்குள் ஏசி. உட்கார்ந்து எண்ணுவதும் எண்ணுவதுதானே என்று உட்கார்ந்தார். மூன்று பேர் வரைக்கும் எண்ணியது நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது.

நாற்பத்தொன்று என்ற எண்ணை அவர் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் தேர்ந்தெடுத்தார். டிக்கெட் இல்லாதவன் எப்போதும் பூஜ்யத்தில் முடிகிற எண்ணாகத்தான் பொய் சொல்வான்: இருபதாவது பெட்டி, நூறு ரூபாய் கொடுத்தேன், டிக்கெட் வைத்திருக்கிற மனைவி பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். ஆகவே நாற்பது என்றால் சந்தேகம் வரும். நாற்பத்தொன்று என்றால், அந்த ஒருவனைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறாரே என்று தோன்றும். முப்பத்திரண்டு வருட அனுபவம் இப்படி ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

டாக்டர் பலகைக்குத் தாவினார். "மணிக்கு நாப்பத்தொன்னு. பத்து மணி நேரத்துக்கு நானூத்திப் பத்து. உலகத்துல எத்தனை கடை இருக்கும், மேடம்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் நடத்தினது வரலாறு."

"ஒரு பத்தாயிரம்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு நாப்பத்தொரு லட்சம் பேர்!"

"வர்றவன் எல்லாம் வாங்கறானா டாக்டர்?" என்றார் பாலிசிக்காரர். "என்னைத் தேடிக்கூட தினம் நாலு பேர் வர்றான். டீ குடிச்சிட்டுப் போயிடறான். இப்ப எல்லாரும் போன்லயே எல்லாத்தையும் முடிச்சுக்கறாங்க. கம்ப்யூட்டர் எவனுக்கு வேணும்?"

"என் மருமகளோட கம்ப்யூட்டர் ஏழு வருஷமா ஒரு குறையும் இல்லாம ஓடுது" என்றார் மேடம். "அதுதான் எனக்கு பயமே. கெட்டுப்போனாத்தானே இன்னொன்னு வாங்குவாங்க?"

"பல்லும் அப்படித்தான் மேடம். கெட்டே போகாதும்பாங்க. கடைசியில எங்கிட்டதானே வர்றாங்க?"

"கம்ப்யூட்டருக்கும் வேர் சிகிச்சை பண்ணிடுவீங்க போலிருக்கே!"

"சிரிங்க, சிரிங்க. எண்ணினது யாரு? நீங்களா, நானா? செக்கர் சார்! டிக்கெட் இல்லாதவனை மூஞ்சியப் பாத்தே பிடிக்கிறவர்."

செக்கர் தன் மூஞ்சியைச் சொத்தைப் பல் படத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீத்தட்டோடு செக்கரின் தங்கை வந்தாள். டாக்டரிடம் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். ஆறு நாளும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று இடுக்கியும் பஞ்சும் எடுத்துக் கொடுப்பவள். ஏழாம் நாள் டீ. மன்றத்தில் அவள் உறுப்பினர் இல்லை. காது மட்டும் உண்டு.

வாங்கலாம் என்று டாக்டர் முடிவு சொல்லிக் கூட்டம் கலைந்ததும், டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, நாளைக்கு நானும் வாங்கப்போறேன்."

"எதை?"

"அந்தக் கம்பெனியத்தான். சேத்து வச்சது மொத்தத்தையும் போட்டுடறேன்."

"டாக்டர் பேச்சைக் கேட்டா?"

"அவர் பேச்சை இருபத்திரண்டு வருஷமா கேக்கறேன். அதை நம்பி ஒரு பல்பொடி வாங்கியிருப்பேனா? நீங்க எண்ணிட்டு வந்தீங்களே, அது போதும் எனக்கு." குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டாள். "ரெண்டு முட்டியும் போச்சுண்ணே. இது நல்லா ஏறிச்சுன்னா வேலைய விட்டுட்டு வீட்ல காலை நீட்டி உக்காந்துடுவேன். விழுந்துச்சுன்னா நிக்க வேண்டியதுதான், சாகற வரைக்கும்."

செக்கர் வாயைத் திறந்தார். சொல்லிவிடத்தான் திறந்தார். "டீல சக்கரை கம்மி" என்பதுதான் வெளியே வந்தது.

திங்கட்கிழமை அவள் வாங்கிவிட்டாள். அந்த வாரம் முழுக்கச் செக்கருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. பழைய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டிக்கெட்டைத் தேடுகிறவன் மாதிரி எல்லாப் பைகளையும் தடவிக் காட்டி நடித்தவர்கள். அவர்களை எவ்வளவு கேவலமாகத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது காது சுட்டது.

சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனார். இந்த முறை நின்றார். வாசலிலேயே விற்பனைப் பெண் அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க சார், போன வாரம் அசந்து தூங்கினீங்க! எழுப்பலாமான்னு கேட்டேன். பாவம், விடும்மான்னுட்டார் மேனேஜர்."

ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இரண்டு பேர் ஏசிக்காக நின்றார்கள். வாங்கியது ஒரே ஒருவர், அதுவும் ஒரு ஒயர்.

ஞாயிற்றுக்கிழமை செக்கர் எழுந்து நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சோபா, தூக்கம், நாற்பத்தொன்று, ஒன்பது, ஒயர். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டர் பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு பேனாவை எடுத்தார். "போன வாரம் நாப்பத்தொன்னு. இந்த வாரம் ஒன்பது. சராசரி இருபத்தஞ்சு. அப்பவும் பிரமாதம்தான்!"

"டாக்டர், நாப்பத்தொன்னு பொய்யிங்க! நானே இட்டுக்கட்டினது!"

"இருக்கட்டும் சார். அனுபவசாலி இட்டுக்கட்டினதுல ஒரு உண்மை இருக்கும்."

"தன்னடக்கம்" என்றார் மேடம்.

"வயசானா சோபால தூக்கம் வரும். அதுக்கு ஒரு நல்ல பாலிசி இருக்கு" என்றார் பாலிசிக்காரர்.

அந்த அறையில் அவர் சொன்னதை ஒரே ஒருத்திதான் நம்பினாள். அவள் கதவருகே தட்டோடு நின்றிருந்தாள். எல்லோருக்கும் டீயைக் கொடுத்தாள். அண்ணனுக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகவே இருந்தது.

மறுநாள் கொஞ்சம் நஷ்டத்தில், மொத்தத்தையும் அவள் விற்றுவிட்டாள். "நல்ல வேளை சொன்னீங்கண்ணே" என்று போனில் சொன்னாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் செக்கர் வயிறாரச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை கம்பெனி தன் விற்பனைக் கணக்கை வெளியிட்டது. யாரும் எதிர்பாராத விற்பனை. கடையில் வந்து வாங்குகிறவர்களால் இல்லை. பெரிய பெரிய அலுவலகங்கள் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்கியிருந்தன. அவர்களில் யாரும் எந்தக் கடையிலும் போய் நிற்பதில்லை. பங்கு அன்றைக்கே துள்ளியது. அடுத்த ஆறு மாதமும் இறங்கவில்லை. மேடம் மாடியில் ஓர் அறை கட்டினார். விழும், விழும் என்று கத்திய பாலிசிக்காரர் ரகசியமாக வாங்கி வைத்திருந்தது அம்பலமானது. டாக்டர் பலகையின் மூலையில் 41 என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, யாரும் அழிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

பலகையைத் துடைப்பது செக்கரின் தங்கைதான். வட்டத்தைத் தொடாமல் சுற்றிலும் துடைப்பாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, வலித்ததும் மறு காலுக்கு மாற்றிக்கொள்வாள். பொய் சொன்னதற்கு ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்த செக்கர், உண்மை சொன்னதற்கு ஆறு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்தார். இதற்கு எந்த அபராதத்தை எங்கே கட்டுவது என்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு கேட்டேவிட்டார். "எம்மேல கோவமாம்மா?"

"கோவம் என்னண்ணே கோவம்? தப்பை ஒத்துக்கிட்டீங்க. எத்தனை பேர் ஒத்துக்கறாங்க?" டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தாள். "ஒன்னே ஒன்னு மட்டும் கேக்கணும்னு ரொம்ப நாளா."

"கேளும்மா."

"அன்னைக்கு உக்காந்தீங்களே ஒரு சோபா. நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் செக்கர்.

"உக்காந்த உடனே தூக்கம் வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"அப்ப நல்ல சோபாதான்" என்று சொல்லிவிட்டு, அவள் விளக்கை அணைத்தாள்.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரிய தெருக் கடைக்குப் போனார். சாம்பல் நிற சோபா அதே இடத்தில் இருந்தது. கம்பெனியின் மேசையில் ஓர் ஈ, காக்கைகூடக் கிடையாது.

"உக்காந்து பாருங்க சார்" என்றாள் விற்பனைப் பெண். "உங்களுக்குத் தெரியாததா!"

"வேணாம்மா" என்று, நின்றபடியே விலையைக் கேட்டார் செக்கர்.