கல்லுக்கு அடியில் குழி

ஐயாவு வானொலிச் சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஈப்போ புந்தோங்கில் அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பாட்டு உச்சத்துக்குப் போனால் அவன் மனைவி செல்லாயிக்கு அடி விழுகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் அக்கா வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். "ஒன் வீட்டு வேலையப் பாரு லா" என்று அவன் பாராங் கத்தியோடு வெளியே வந்த நாளிலிருந்து ஜன்னல்தான். மற்ற வீடுகளும் அப்படியே. கெட்டவர்கள் இல்லை, அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம்.

போன வருடம் தங்கிய கரு அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள்தான் போனது. இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். இது ஒன்று நிலைத்துவிட்டால் போதும். செல்லாயிக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

ஐயாவு கடலோர லுமுட்டிலிருந்து ஈப்போ பாசாருக்கு மீன் லோரி ஓட்டுகிறவன். மீனோடு மீனாகத் தோங்குப் பீப்பாய்களில் கடல் தண்ணீரும் பவளம் படர்ந்த கற்களும் ஏற்றி வந்து ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டியை நிரப்பி வைத்திருந்தான். எண்பத்து மூன்றில் ஈப்போவில் எத்தனை பேர் வீட்டுக்குள் கடல் இருந்தது? வருகிறவனை எல்லாம் உட்காரவைத்துக் காட்டுவான். அதிலும் ஒரு மீன் என்றால் அவனுக்கு உயிர். விரல் நீளம், தவளைத் தலை, அகன்ற வாய். மணலை வாயால் அள்ளித் துப்பித் துப்பிக் குழி தோண்டும்; சிப்பித் துண்டு பொறுக்கி வந்து குழியின் ஓரத்தைக் கட்டும். ஆனால் ஐயாவுவின் சப்பாத்துக் காலடி கேட்டதும் வால் முன்னே போக உள்ளே இறங்கிவிடும். லோரி கிளம்பிய பிறகு செல்லாயி கண்ணாடியில் மெல்லத் தட்டுவாள்.

"போயிட்டாரு. வெளிய வா."

மீனைக் கொடுத்த லுமுட் மீன்கடைத் தவுக்கே, அவளும் பக்கத்தில் இருக்கும்போதுதான், படித்துப் படித்துச் சொன்னான்: கல்லை முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் உட்காரவை, மணலைப் பிறகு கொட்டு. அடுத்தவன் சொல்லைக் கேட்டால் அவன் ஐயாவு இல்லையே! மணலைக் கொட்டி, அதன்மேல் கற்களைத் தொட்டியின் வாய்வரை அடுக்கினான். பார்க்கக் கோபுரம் மாதிரிதான் இருந்தது. மீன் அந்தக் கோபுரத்தின் காலடியைத்தான் தோண்டியது.

"ஏங்க, கல்லுக்கு அடியில நோண்டுதுங்க. சாஞ்சிரும் போல இருக்கு."

"எனக்கே மீன் வளக்கச் சொல்லித் தாறியா?"

சோற்றுத் தட்டு பறந்து வந்து அவள் உதட்டைக் கிழித்தது. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கல் விழுந்தால் பழி யார்மேல் விழும் என்று அவளுக்குத் தெரியாதா? வயிற்றைத் தடவிக்கொண்டே தினமும் கல்லைப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் மேல்கல் கண்ணாடிப் பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. செல்லாயி நாற்காலியில் ஏறி, தோள்வரை கையை விட்டு, தட்டையான கல் ஒன்றை அண்டக்கொடுக்கப் பார்த்தாள். காற்று மோட்டார் இரைச்சலில் லோரி வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை. மீன் சடக்கென்று குழிக்குள் போனது. அவள் திரும்பினாள்.

ஐயாவு நேராகப் போய் வானொலியைத் திருகினான். சத்தம் வீட்டை நிறைத்த பிறகுதான் அவள் கூந்தலைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்தான். விழுந்தவள் வயிற்றை முழங்காலால் மூடிச் சுருண்டாள். முதுகில் உதைத்தான். விலாவில் உதைத்தான். ஏதோ முறிந்தது போல மூச்சு நின்று வந்தது.

"வயித்துல வேணாங்க... வயித்துல மட்டும் வேணாம்!"

அவன் காலால் அவளைப் புரட்டிப் போட்டான். சப்பாத்து மேலே எழும்பியது. போன தடவையும் இதே கால்தான். செல்லாயிக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, தரையில் ஊன்றியிருந்த அவனுடைய இன்னொரு காலைக் கட்டிப்பிடித்துக் கெண்டைச் சதையில் பற்களை இறக்கினாள். ரத்தம் வாயில் உப்புக் கரித்தது. விடவில்லை.

அவன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். தோள் தொட்டியில் மோதியது. உள்ளே கோபுரம் சரிந்தது. மேல்கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. தண்ணீரின் வேகத்தில் அவன் உடைசல்களின் மேலேயே விழுந்தான். கத்தி அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு தொடையில் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கினான். பிடுங்கியிருக்கக் கூடாது. ரத்தம் குபுகுபுவென்று கொட்டி ஹால் தண்ணீரெல்லாம் சிவந்தது.

"செல்லாயி... துணி கொண்டா. யாரயாச்சும் கூப்புடு." எழப் பார்த்து வழுக்கி விழுந்தான். பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினான். "அக்கா! ராக்காயி அக்கா!"

பாட்டுக்கு மேல் அந்தக் குரல் போகவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும்.

"அந்த ரேடியோவ நிறுத்து, செல்லாயி."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே மெல்லப் புரண்டது. கண்ணாடித் துண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போய் வானொலித் திருகில் விரல்களை வைத்தாள். பாட்டு பாதியில் இருந்தது. அவள் திருகவில்லை.

உடைந்த தொட்டியின் மூலையில் மணல் ஈரமாகக் குவிந்து கிடந்தது. குழிக்குள் தேங்கிய கொஞ்சம் தண்ணீரிலிருந்து தவளைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஐயாவு பக்கத்திலேயே கிடந்தும் அது உள்ளே போகவில்லை. ஒரு வாய் மணலை வெளியே துப்பியது.