நேரம் இருப்பின்

கிரேஸ் அந்த வரியை மறுபடியும் வாசித்தாள். 'ஆளுங்கட்சி சாராத உறுப்பினர்களின் தீர்மானங்கள், நேரம் இருப்பின், கூட்டத்தின் இறுதியில் எடுத்துக்கொள்ளப்படும்.' பேரூராட்சி மன்றத்தின் கூட்ட நடைமுறைகளைத் திருத்தி எழுத அமைத்த குழுவில் அவள் ஒருத்திதான் சுயேச்சை. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். குழுத் தலைவர் வரதராஜன் மட்டும் எதிரே உட்கார்ந்து, மூடி கழற்றிய பேனாவை அவள் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே வார்டில் நின்று ஜெயித்தவள் அவள். அவள் தெரு அடிபம்பில் சாயப்பட்டறைக் கழிவு கலந்து, தண்ணீர் சில நாள் நீலமாகவும் சில நாள் அரக்கு நிறமாகவும் வந்தது. அதைப் பற்றிய தீர்மானத்தை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் முறை வருவதற்குள் நாட்டுப்பண் பாடிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். இதுவரை அது வழக்கமாக நடந்தது. இனிமேல் விதியாகிவிடும்.

"நேரம் இருப்பின்னு போட்டிருக்கறத மட்டும் எடுத்துடுங்கண்ணே," என்றாள்.

"எல்லாரும் ஒத்துக்கினாங்கம்மா. நீங்களும் போட்டீங்கன்னா ஏகமனதா போவும்." வரதராஜன் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவள் மாமனார் சாவுக்கு முதலில் வந்து நின்றவர். "உங்க தெருவுக்கு பைப் லைன் வர்ற மன்றக் கூட்டத்துலயே பாஸாயிடும். நான் பொறுப்பு."

அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து, தேர்தலில் தனக்காக வீடுவீடாக ஏறி இறங்கிய பட்டம்மாளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"தண்ணி வருதுன்னா போட்டுடு கிரேசு. சட்டத்த வெச்சிக்கினு சோறா ஆக்கப் போறோம்?"

நியாயம்தான். ஆனால் வரதராஜன் தரும் குழாய் அவர் கொடுத்ததாகவே இருக்கும். நாளைக்கு அது உடைந்தால் யார் வாசலில் போய் நிற்பது? தனக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வருகிறவளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

உள்ளே போய், அறிக்கையின் அடியில், 'இந்த விதிக்கு எனக்கு உடன்பாடில்லை' என்று எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வரதராஜன் கோபப்படவில்லை. பேனாவை வாங்கி மூடினார்.

"பைப் லைன் இப்போதைக்குக் கஷ்டம்மா," என்றார்.

ஷேர் ஆட்டோவிலிருந்து அவள் இறங்கியபோது தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. வரிசையிலிருந்து பட்டம்மாள் கேட்டாள். "போட்டுட்டியா?"

"போட்டேன்க்கா. ஒத்துக்கலன்னு எழுதிப் போட்டேன்."

பட்டம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு தன் குடத்தைக் காலால் முன்னுக்குத் தள்ளினாள்.

கிரேஸ் வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்ற பெண்கள் லேசாக ஒதுங்கினார்கள். இடம் விடுகிறார்களா, விலகிக்கொள்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரிக் குழாயின் கீழே யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.