ஃபில்டரைத் திறக்காதே

சோதனைக் குழாயில் இருந்த தொட்டித் தண்ணீர், மருந்துச் சொட்டு விட்டதும், அன்றைக்கும் பச்சையாகத்தான் மாறியது. மஞ்சளாக நின்றால் மீன்களுக்கு ஆபத்தில்லை. பச்சை என்றால் தொட்டியில் அமோனியா. பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சீக்கிரம் சாவு. நான் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சை பச்சைதான்.

"என்ன நிறம்?" என்று நாற்காலியிலிருந்து கேட்டான் வென்டெல்.

"பரவாயில்ல" என்றேன்.

எங்கள் மினசோட்டாவில் கூரை பற்றி எரிந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வோம். அவனும் அதே ஊர்க்காரன். அதற்கு மேல் கேட்கவில்லை. போர்வையை இழுத்து முழங்காலில் போட்டுக்கொண்டு மறுபடியும் தொட்டியையே பார்க்க ஆரம்பித்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. மீனுக்காக இல்லை. மீன் செத்தால் வேறு மீன் வாங்கலாம். ஆனால் இந்த மீன்கள் செத்தால் என் புருஷன் திரும்பப் போய்ப் படுத்துவிடுவான், அப்புறம் எழுந்திருக்கமாட்டான். அந்தப் பயம்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனுக்கு இதயத்தில் அறுவை நடந்தது. நெஞ்சைப் பிளந்து தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சாப்பாடு இறங்கவில்லை. எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மினியாபொலிஸிலிருந்து எங்கள் மகள் மாரிட் ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், காரை எடுத்துக்கொண்டு போனாள், ஒரு கண்ணாடித் தொட்டியோடும் பை நிறைய மீனோடும் திரும்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏரி உறைந்ததும் பனியில் துளை போட்டு மீன் பிடித்து, வெண்ணெயில் பொரித்துத் தின்றே வாழ்ந்தவன் அவன். அவனுக்கு மீன் வளர்ப்பா?

ஆனால் மறுநாள் காலை அவனாக எழுந்து வந்தான். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். வரி போட்ட அந்தச் சின்ன மீன்களில் குண்டாக இருந்ததற்குப் 'பாஸ்டர்' என்று பெயர் வைத்தான். எங்கள் தேவாலயத்துப் பாஸ்டர் மாதிரியே அதுவும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதாம். அன்று மதியம் அவனுக்குக் கொடுத்த தட்டு காலியாகத் திரும்பி வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன் நின்று நான் அழுத அழுகை கடவுளுக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து அவனுக்கு வேளாவேளைக்கு ஒரு சின்னத் தட்டு. சாப்பிடும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குப் பிடிக்காது. வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் தட்டு துடைத்த மாதிரி இருக்கும்.

மீன்கள்தான் சோர்ந்தன. அடியில் கிடந்தன, அல்லது மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள் ரத்தச் சிவப்பு. நான் மாரிட்டைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"தப்பு என்னோடதும்மா" என்றாள். "தண்ணிய ஊத்தி சில வாரம் சும்மா ஓட விடணும். நான் அவசரத்துல அன்னிக்கே மீன விட்டுட்டேன். மீனோட கழிவு, மிச்ச தீனி எல்லாம் அமோனியாவா மாறும். அத தின்னுற கிருமி ஒண்ணு இருக்கு, நல்ல கிருமி. அது வளர நாளாகும்."

"எங்க வளரும்?"

"ஃபில்டருக்குள்ள இருக்கிற பஞ்சுல. அதனால நல்லா கேட்டுக்க. தெனமும் கொஞ்சம் தண்ணி மாத்து. குழாத்தண்ணில குளோரின் முறிக்கிற மருந்த ஊத்திட்டு மாத்து. தீனிய நிறுத்து. ஆனா ஃபில்டர மட்டும் திறக்காத. உன் கைய பத்தி எனக்குத் தெரியும். பைப்ப திறந்து அந்தப் பஞ்ச கழுவி மணக்க மணக்க வச்சேன்னு வை, அவ்ளோதான், எல்லாம் செத்துரும்."

சோப்பையே கழுவி வைக்கிறவள் என்று என்னை வீட்டில் கேலி செய்வார்கள். கையைக் கட்டிக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தேன். வென்டெலும் பொறுப்பாகத் தலையாட்டினான்.

சொன்னபடி செய்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து, மருந்து கலந்து, சூடு சரிதானா என்று குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரி முழங்கையை விட்டுப் பார்த்து மாற்றினேன். இடுப்பு விட்டுப்போனது. சோதனைக் குழாயில் பச்சை கொஞ்சம் வெளுக்கும், மறுநாள் பழையபடி ஏறிக்கொள்ளும். நான் தீனியே போடவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த விஷம்?

கோர்லிஸ் வந்த அன்று விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நோய் என்றால் பெண்கள் ஹாட்டிஷ் சுமந்துகொண்டு வருவார்கள். கொத்துக்கறி, டப்பா சூப், மேலே உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே தட்டில் வெந்தது. தட்டின் அடியில் சொந்தக்காரியின் பெயர் ஒட்டியிருக்கும். வேண்டாம் என்று யாரும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. துக்கத்தைப் பற்றிப் பேசத் தெரியாத ஜனங்கள் நாங்கள், அதனால் ஊட்டிவிடுவோம். அடுத்த வீட்டுக் கோர்லிஸ் வந்த கையோடு தொட்டி மூடியைத் திறந்து மீன் தீனியைத் தூவுவதை நான் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"கோர்லிஸ்! கைய எடு!"

"ஒரு சிட்டிகதானே ஆர்லிஸ்? பாவம், பசில வாய பொளந்துக்கிட்டு நிக்குது பாரு. போன தடவையும் இப்படித்தான் நின்னுச்சு."

"அது பசி இல்லடி, மூச்சு முட்டுது! நீ பாசமா போடுறது அதுக்கு விஷம்! இன்னும் யார் யார் போட்டீங்க?"

அவள் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாருந்தான் போட்டோம்" என்றாள். "சரி, அப்ப நான் கிளம்புறேன்." சொன்னபடியே கிளம்பியும் விட்டாள். எங்கள் பக்கம் விடைபெறுவது என்றால் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுவோம், அப்புறம் கார் கண்ணாடியை இறக்கி இன்னும் கொஞ்சம் பேசுவோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அந்த உறவு இனி ஈஸ்டர் வரைக்கும் ஒட்டாது. போகட்டும் என்று விட்டேன். தீனி டப்பாவை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அப்புறமும் பச்சை குறையவில்லை. ஏறியது.

பாஸ்டர் செத்தது ஞாயிற்றுக்கிழமை. வென்டெல் கழிவறையில் இருந்தான். தொட்டிக்குள் வைத்திருந்த பாறைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்ததைக் கரண்டியால் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அவன் திரும்பி வந்து உட்கார்ந்து வெகுநேரம் தேடினான்.

"பாஸ்டர காணோம்."

"பாறைக்குப் பின்னால தூங்குது."

"ஓ" என்றான்.

அவன் கால்சட்டை வார்கள் தோளில் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்ததை அன்று கவனித்தேன். நன்றாகச் சாப்பிடுகிற மனிதனுக்கு ஏன் உடம்பு ஏறவில்லை? பெரிய அறுவைக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும், முதலில் வற்றிவிட்டுப் பிறகுதான் தேறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருத்துவமனையிலிருந்து நர்ஸ் போன் செய்து விசாரித்தபோதும், "நல்லா சாப்பிடுறான், தட்ட நக்காத குறைதான்" என்றேன். வாரக் கடைசியில் எடை பார்க்க அழைத்து வரச் சொன்னாள்.

மறுநாள் மதியம் தட்டில் கோழிக்கறியும் நூடுல்ஸும் வைத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். ஏதோ களகளவென்று சத்தம் கேட்டது. பிறகு சொட்டுச் சத்தம். ஓடி வந்தேன். தொட்டியின் முதுகில் தொங்கும் ஃபில்டர் பெட்டி நிரம்பி வழிந்து, சுவரோடு தண்ணீர் இறங்கித் தரை விரிப்பில் பரவிக்கொண்டிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"தொடாத!" என்று கத்தினான் வென்டெல். அவன் குரல் அவ்வளவு உயர்ந்து நான் பல மாதமாகக் கேட்டதில்லை. "மாரிட் திறக்கக் கூடாதுன்னு சொன்னாள்ல!"

"அடைச்சிக்கிச்சு வென்டெல்! மோட்டார் நின்னா எல்லாம் செத்துரும்!"

"ஆர்லிஸ், வேணாம். சொல்றத கேளு."

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் தூக்கினேன்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. உள்ளே பஞ்சு தெரியவில்லை. கோழி. மேலே சற்று முன் நான் கொடுத்தது, இன்னும் மிளகோடு. அதற்கு அடியில் நேற்றையது, அதற்கும் அடியில் நிறமே தெரியாமல் கூழாகிப்போனவை. கோர்லிஸின் உருளைக்கிழங்கு. முந்தின வாரத்துப் பட்டாணி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் புருஷன் சோற்றையே மறைத்திருந்தான், இந்த வீட்டில் என் கை படாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து.

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மடியில் காலித் தட்டு.

"எல்லாமேவா?" என்றேன்.

"கால்ல தெம்பு இருக்கிற நாள்ல கழிவறைக்குக் கொண்டு போயிடுவேன். இல்லாத நாள்ல இதுல."

"மீன் வந்ததுலேருந்தா?"

ஆமாம் என்று தலையாட்டினான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையில் அள்ளிய அழுகல் கூழோடு அவன் முன்னால் போய் நின்றேன். "நான் உனக்காக வாளி தூக்குறேன், கோர்லிஸ திட்டி அனுப்புறேன், நர்ஸ்கிட்ட நீ சாப்பிடுறேன்னு சத்தியம் பண்ணாத குறை. நீ பட்டினி கிடந்து சாகுறதுக்கு என்னையே காவல் வச்சிருக்கியா? ஏன்டா சொல்லல?"

"எல்லாம் ஆணிய நக்குற மாதிரி இருக்கு ஆர்லிஸ்" என்றான். "ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாளா அப்படித்தான். கோழி, ரொட்டி, காபி, எது வச்சாலும் இரும்பு. வாயில வச்சா குமட்டுது."

"அத சொல்றதுக்கு என்ன?"

"முதல் நாள் தட்டு காலியா இருந்ததும் நீ உள்ள போய் அழுத. சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பாட்டு பாடிக்கிட்டே பாத்திரம் கழுவின. எத்தன நாளாச்சு நீ பாடி. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் தாடை எலும்பு, மணிக்கட்டு, சட்டைக் கழுத்துக்குள் ஆடுகிற கழுத்து எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. தினமும் சோதனைக் குழாயில் இருந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தேனே தவிர என் புருஷன் முகத்தின் நிறத்தைப் பார்க்கவில்லை.

"பாஸ்டர் செத்துப்போச்சு" என்றேன். "நான்தான் குப்பையில போட்டேன்."

"தெரியும். எண்ணத் தெரியாதா எனக்கு?" என்றான். பிறகு, "நான்தான கொன்னேன்?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன். "நீதான்."

அவன் அழுதான். நெஞ்சுத் தையலில் வலிக்கும் என்று ஒரு கையால் மார்பை அழுத்திக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் ஈர விரிப்பிலேயே உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் மீன்கள் காத்திருக்காது. எழுந்து அழுகலை எல்லாம் வழித்தெடுத்தேன். பஞ்சைக் குழாயடிக்குக் கொண்டு போகாமல், தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து அதில் லேசாக அலசினேன். நல்ல கிருமி மிச்சம் இருந்தால் பிழைக்கட்டும். உறிஞ்சு குழாயின் ஒரு முனையை வென்டெல் கையில் கொடுத்தேன். அவன் அதை வாளிக்குள் நடுங்காமல் பிடித்துக்கொள்ள, பாதித் தொட்டியை மாற்றினேன். மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பிறகு அவன் பார்க்கவே போனை எடுத்து, நர்ஸிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் முன்பு சொன்னது பொய் என்றும் சொன்னேன். காலையிலேயே, ஆஸ்பத்திரியில் தங்குவதற்குத் துணிப்பையோடு வரச் சொன்னாள். மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கலாம் என்றாள், மருந்தை மாற்றினால் இரும்பு ருசி போகவும் கூடும் என்றாள். அதுவரை சில்லென்று, மிருதுவாக, எது உள்ளே போனாலும் நல்லதுதானாம்.

"இதுங்க பொழைக்குமா?" என்று தொட்டியைக் காட்டினான் வென்டெல்.

"தெரியாது."

"நானு?"

"அதுவும் தெரியாது. நீ மறைச்சா நிச்சயமா மாட்ட."

ஒரு கிண்ணத்தில் வெனிலா ஐஸ்கிரீம் கொண்டுவந்தேன். கொடுத்துவிட்டுப் போகவில்லை. எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தேன். பிடிக்காவிட்டால் போகட்டும். ஒரு கரண்டி எடுத்தான். முகத்தைச் சுளித்தான். விழுங்கினான். இன்னொன்று. மூன்றாவதை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இறக்கினான். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

"போதும் ஆர்லிஸ்" என்றான். "வேண்டாம். நல்லா இல்ல."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கொடுத்த ஒன்றை அவன் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அது உருகிப்போகும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.