இளஞ்சிவப்புச் சாட்சி

ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டிய ‘ஆரோக்கியமான ஆள்’ என்ற பெரும் பதவிக்கு ஊழியர்கள்தான் முறைவைத்து ரத்தம் கொடுப்பார்கள். இம்முறை அவள். ரத்தத்தின் கொழுப்பு அமிலங்களை ஃப்ரீ ரேடிகல்கள் என்னும் கேடுசெய்யும் துகள்கள் அரித்தால் மிஞ்சும் கழிவு, சோதனையில் இளஞ்சிவப்பாகத் தெரியும். உடல் படும் பாட்டுக்கு அது அடையாளம். அவளுடைய குழாய் நோயாளிகளுடையதை எல்லாம் மிஞ்சிச் சிவந்திருந்தது.

அவளுக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. “வீட்ல உனக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்கும் கணவனிடம் காட்ட, கடைசியில் ஒரு சாட்சி.

“ரத்தத்தை உடனே ஐஸ்ல வச்சியா?” என்றாள் உடன் வேலைபார்க்கும் அக்கா.

வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கணவன் போன் செய்து சாக்ஸ் எங்கே என்று கேட்டான். அது அவன் காலிலேயே கிடைக்கும்வரை குழாய் மேசையில் கிடந்தது.

“அப்ப ஐஸ் இல்லாம வெளியில கெடந்து கெட்டுப்போன கொழுப்புடி அது. மறுபடி குடு.”

கொடுத்தாள். மறுபடி கணவனிடமிருந்து போன் அடித்தது, அடிக்கட்டும் என்று குழாயை ஐஸில் இறக்கினாள். இம்முறை சோதனையில் நிறம் அவ்வளவாக இல்லை.

“பாத்தியா, நார்மல். உனக்கு ஒண்ணும் இல்ல.”

“இந்தத் தடவை போனை எடுக்கலைல்ல அக்கா.”