மாமியார் பிடித்த கதவு

அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எங்கள் மாட்டுப்பண்ணையின் வெள்ளைக்கார முதலாளி, பாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை. என் அம்மா மேபல்தான் என்னை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். பண்ணையை ஒட்டி, பூர்வகுடிகளான எங்கள் முகாமில் உருண்டு, எங்கள் பாஷை பேசித்தான் வளர்ந்தான். அப்பன் செத்துப் பண்ணை கைக்கு வந்த பிறகும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

கறுப்பனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஒரே கூலி என்று தீர்ப்பு வந்த சமயம் அது. அதுவரை என் புருஷன் டின்னிக்கு மாவு, தேயிலை, புகையிலை, கொஞ்சம் சில்லறை. நேற்று பெர்த் பட்டணத்திலிருந்து வந்திறங்கிய வெள்ளைக்கார நெவில் பயலுக்கு முழுச் சம்பளம். சேணத்தைத் தலைகீழாகப் போடுகிற ஜென்மம் அது! டின்னியோ, மாடு பிரிப்பதில் எங்கள் கிம்பர்லிச் சீமை முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஆள்.

எங்கள் மகள் டாஃப்னியை சர்க்கார் வெல்ஃபேர்காரர்கள் மிஷன் விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். "உன் புருஷன் முழுச் சம்பளக்காரன் ஆயிட்டா பிள்ளைய வீட்டுக்கு அனுப்பறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. மந்தமான வேலையாளுக்குக் கூலியைக் குறைக்கலாம். மந்தமா இல்லையா என்று பார்க்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார்.

முதலில் நெவில் பட்டிக்குள் இறங்கினான். உள்ளே நிற்பவன் "கன்னு", "பசு" என்று கூவ வேண்டும், கதவு பிடிப்பவன் அதற்கேற்ப அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ திருப்ப வேண்டும். நெவிலுக்குக் கதவு பிடித்தது டின்னி. அந்த மடையன் வாயைத் திறப்பதற்குள் டின்னி கதவைத் திருப்பிவிடுவான். "பையன் கெட்டிக்காரன்தான்" என்றார் அதிகாரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாஸ் என் அம்மாவிடம் போய்க் குழைந்தான். "அம்மா, நெவில் இன்னொரு தடவ பிரிக்கப் போறான். நீ வந்து கதவப் பிடிம்மா. டின்னிக்குக் கை வலிக்குதாம்."

வளர்த்த பிள்ளை கேட்டால் மறுப்பாளா? போய் நின்றாள். மாடுகளை உள்ளே ஓட்டி அடைத்ததும் பாஸ் திரும்பினான்.

"டின்னி, இப்ப உன் முறை. இறங்குடா."

எங்களில் மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை, பக்கத்தில் நிற்பதுகூட இல்லை. அது பகை இல்லை, மரியாதை. எங்களோடு வளர்ந்த அவனுக்கு இது தெரியாதா என்ன?

அம்மா துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டாள். கதவை விட்டால் மந்தை அவள் மேலேயே ஏறிவிடும். டின்னி தலையைக் குனிந்து, கதவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். கூவினால் அது அவளிடம் பேசியதாகிவிடும். கன்றும் பசுவும் கலந்து ஓடின. புழுதி. டின்னி கூவவே இல்லை.

நான் அதிகாரியிடம் ஓடினேன். "ஐயா, இது அநியாயம்யா! கதவுல நிக்கிறது என் அம்மா. அவரு மாமியாருகிட்டப் பேசக்கூடாதுய்யா. வேற யாரையாவது நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் பாருங்க!"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாமியாருன்னா எனக்குந்தான் பயம். அதுக்காக நான் சம்பளம் ஏத்திக் கேட்டேனா?"

பாஸும் சிரித்தான். நெவிலும் சிரித்தான். "மந்தம்" என்று எழுதிக்கொண்டு அதிகாரி மாட்டு வறுவலும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஜீப்பின் புழுதி அடங்கவில்லை. "டின்னி, அந்தச் செவலக் குதிர நெவில மூணு தரம் கீழ தள்ளிருச்சு. நீ கொஞ்சம் அடக்கிக் குடுடா. உன்ன விட்டா எனக்கு யாரிருக்கா?" என்றான் பாஸ்.

பாவி! டின்னி என்னைப் பார்த்தான். இருக்கிற வேலையும் போனால் டாஃப்னியை நினைக்கவே முடியாது. ஏறினான். டீ கொதிப்பதற்குள் குதிரை ஆட்டுக்குட்டி மாதிரி நடந்தது. பாஸ் கைதட்டினான்.

சாயங்காலம் அம்மா கத்தரிக்கோல் கேட்டாள். முடியை ஒட்ட வெட்டினாள். தலையில் வெள்ளை மண் பூசினாள். எங்களில் பிள்ளை செத்தால் அப்படித்தான் செய்வார்கள். பாஸ் சின்ன வயதில் பால் குடித்த தகரக் குவளையை அத்தனை வருஷம் வைத்திருந்தாள், அதையும் நெருப்பில் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவன் வந்தான். "அம்மா, டீ இருக்கா?"

அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு எல்லாம் தெரியும். "அம்மா, நான்தான்மா. இங்கதான நிக்கிறேன். அம்மா!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "எம்பிள்ள காலையில பட்டியில செத்துப்போச்சுடி. இனிமே அவன் பேர யாரும் சொல்லாதீங்க."

அவன் வாசலிலேயே நெடுநேரம் நின்றான், பிறகு போனான். அதிலிருந்து முகாமில் ஒரு வாயும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவன் அழுததாகக்கூடச் சொல்கிறார்கள். அழட்டும். டின்னியின் கூலியை அவன் ஏற்றவில்லை. டாஃப்னி மிஷனிலேயே வளர்ந்தாள். அவள் என்னைப் பார்க்க வந்தபோது எங்கள் பாஷை அவளுக்குத் தெரியவில்லை.