செக்கர் வெட்டிய பூக்கள்

சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு பெயர் அச்சாகி வரும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தையல் ஆலையில் மட்டுமல்ல, தெருவிலும் வீட்டிலும்கூட அவள் செக்கர்தான். தைத்து முடித்த சட்டைகள் சரிபார்ப்பதற்காகக் கடைசியாக அவள் மேசைக்கு வரும். காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ பொத்தான் துளை பிசிறடித்திருந்தாலோ அந்தச் சட்டை தேறாது. தேறாத சட்டையை முதுகில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் கூடையில் போட வேண்டும். அப்படியே போட்டால் யாராவது வெளியே கடத்தி விற்றுவிடுவார்கள், கம்பெனி மானம் கப்பலேறிவிடும் என்பது முதலாளியின் பயம். வெட்டுவதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. எது யார் கைத் தையல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். அப்படிச் சொல்லிப் பலருக்குத் திட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆலையில் அவளைப் பிடிக்காதவர்கள் நிறைய. அதை அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் மகள் கல்யாணத்துக்குக் காகிதப் பூ செய்தார்கள்.

மேடை அலங்காரம் செய்பவர் ஒருவரை முதலில் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் கேட்ட தொகையைக் கேட்டு செக்கரின் வீட்டுக்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. பெரிய தொகைகளை மற்றவர்களின் கார்களாகப் பார்த்துத்தான் பழக்கம். அலங்காரக்காரர் படி இறங்கியதும் மகள், "விடுங்கப்பா, நாமளே செஞ்சுக்கலாம்" என்றாள். பேச்சுக்குச் சொன்னாள் என்று நினைத்தார்கள். அவளோ மறுநாளே கிரேப் காகிதமும் மெல்லிய கம்பியும் பச்சை டேப்பும் வாங்கிவந்து நடு அறையில் கொட்டிவிட்டாள். பத்திரிகையைக்கூடக் கெட்டி அட்டையில் அவளே வெட்டி, அவளே எழுதினாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சுருக்குப் பைகளை ஆலையில் மிஞ்சிய துண்டுத் துணிகளில் தைத்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் பூவுக்கு உட்கார்ந்துவிடுவாள்.

செக்கருக்குப் பூச் செய்ய நேரமில்லை. ஆனால் வேலையிலிருந்து வந்ததும் அன்றைக்குச் சேர்ந்த பூக்களை ஒருமுறை பார்ப்பாள். சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கவில்லை. இதழ் ஏறுமாறாக இருந்ததை, பசை வழிந்ததை, கம்பி துருத்திக்கொண்டிருந்ததை ஒதுக்கினாள். ஒதுக்கியதோடு விட்டாளா என்றால் இல்லை. நறுக், நறுக் என்று குறுக்கே ஒரு வெட்டு. வீட்டுக்காரர் செய்ததில் பாதி அப்படித்தான் போயிற்று.

"காகிதப் பூவை யாரு திருடி விக்கப்போறாங்க? வெட்டாம வச்சாத்தான் என்ன?" என்று கேட்டார் அவர்.

"தெரியாம கலந்துடும்."

"ஒருநாள் என்னையும் ஒரு வெட்டு வெட்டிக் கூடையில போட்டுருவா பாரு, உங்கம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அடுத்த பூவை எடுத்தார்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் உண்மையான கவலை பூவைப் பற்றியதல்ல. மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றியது. சம்பந்தியம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர்களே அவர் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள். கணவர் போனபின் ஒரே பையனைத் தனியாக வளர்த்தவர். அவன் கூரியர் அலுவலகத்தில் பார்சல் கட்டுகிற வேலையில் சேர்ந்ததையே அவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கல்யாணமாவது ஊர் மெச்ச நடக்கும் என்று இருந்தார். கையால் வெட்டிய பத்திரிகையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் பண்றீங்களா, பள்ளிக்கூட ஆண்டு விழா நடத்துறீங்களா?" என்று கேட்டார். அதோடு, "நீங்களே நடத்திக்குங்க. எனக்கு உடம்பு முடியல. நான் வரலை" என்றும் சொல்லிவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மகள் போய் வாழப்போவது அந்த வீட்டில். கல்யாணத்தன்று மேடையில் மாமியாரின் நாற்காலி காலியாகக் கிடந்தால், வந்தவர்கள் சாப்பாட்டை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். மகளுக்கோ அந்த வீட்டுச் சமையலறையில் தினம் தினம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். செக்கர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும், ஆலையில் சட்டையைத் திருப்பும்போதெல்லாம் அந்த நாற்காலிதான் அவள் கண்முன் நின்றது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒருநாள் செக்கர் வேலைக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே நிறையக் காகிதப் பூக்கள். "அம்மா செஞ்சாங்க. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க" என்றான். மகள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அத்தை மனசு இறங்கிவிட்டார். பூச் செய்து அனுப்புகிறவர் கல்யாணத்துக்கு வராமலா இருப்பார்? வேலைக்கு நேரமாகிவிட்டதால் பெட்டியை மேசைமேல் வைத்து, "அம்மா வந்ததும் சொல்லுங்கப்பா" என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவரும் சொல்லத்தான் இருந்தார். பச்சை டேப் தீர்ந்துபோயிருந்தது. ஒரு நடை கடைக்குப் போனார். கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். அந்த இடைவெளியில் செக்கர் வீட்டுக்கு வந்தாள்.

மேசைமேல் பெட்டி. கையில் கத்தரி. மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தனை மோசமான வேலையை அவள் சமீபத்தில் பார்த்ததில்லை. இதழ்கள் கோணல். பசை தாராளம். அதைவிடக் காம்பு: பச்சை டேப்பைச் சுற்றி, அதன்மேல் சுற்றி, சுண்டுவிரல் பருமனுக்குக் கொண்டுவந்திருந்தது. வீட்டுக்காரருக்குக் கை மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசிப் பூவை வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் உள்ளே வந்தாள்.

மகள் கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றாள்.

"அது அத்தை செஞ்சதும்மா."

செக்கரின் முகத்தில் ஈயாடவில்லை. கத்தரியை மேசைமேல் வைத்தாள். அதற்குள் வீட்டுக்காரர் டேப்போடு வந்து சேர்ந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகலாமா என்று யோசித்தார்.

"அவர் வந்தா அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அத்தை காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் செக்கருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாப்பிள்ளை பெட்டி கொண்டுவந்ததையும் அதை வைத்துக்கொண்டு மகள் அழுததையும் வீட்டுக்காரர் அப்புறம்தான் சொன்னார்.

அதே மாதிரிப் பூக்களைத் தானே செய்து வைத்துவிடலாம் என்று முதலில் முயன்றாள். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தலைகீழாக நின்றாலும் அவளுக்குக் கோணல் வரவில்லை. இதழைச் சாய்த்து ஒட்டினால் கை தானாகவே அதை நிமிர்த்திவிடும். வேண்டுமென்றே பசையை வழியவிட்டாள். துணி எடுத்துத் துடைத்த பிறகுதான் துடைத்தது தெரிந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "தா, நான் செய்யறேன். எனக்கு அது இயல்பா வரும்" என்றார். அவருக்கும் அந்தக் கோணல் வரவில்லை. அவருடைய கோணல் வேறு மாதிரி. அவள் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மண்டபத்துக்கு வந்து, தன் பூ எங்கே என்று தேடினால் என்ன செய்வது? இருபது வருஷம் பிறர் தப்பைச் சுட்டிக்காட்டியவளுக்குத் தன் தப்பை மறைத்துவைக்கத் தெரியவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் வழி என்று பட்டது. யாரிடமும் சொல்லாமல், வெட்டிய பூக்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினாள்.

சம்பந்தியம்மாவின் வீட்டில் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மருந்துச் சீசாக்கள் உயர வரிசையில் நின்றன. வேறு சமயமாக இருந்தால் செக்கருக்கு அந்த வீடு மிகவும் பிடித்திருக்கும்.

"உட்காருங்க" என்றார் அவர். குரலில் உட்காரச் சொல்லும் தொனி இல்லை.

செக்கர் நின்றபடியே சொன்னாள். "சம்பந்தி, என்னால ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க செஞ்சு அனுப்புன பூவையெல்லாம் நான் தெரியாம வெட்டிட்டேன். உங்களோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"எந்தப் பூ?"

"தம்பி பெட்டியில கொண்டுவந்து குடுத்துச்சே."

"நான் ஒண்ணும் அனுப்பலையே."

அதைச் சொன்னபோது அந்த அம்மாளின் புருவம் லேசாக உயர்ந்தது. செக்கருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தப்பைச் சரிசெய்ய வந்து, ஒரு பையனைக் காட்டிக்கொடுத்தாகிவிட்டது. சொன்னதைத் திரும்ப எப்படி விழுங்குவது?

சம்பந்தியம்மா கையை நீட்டினார். செக்கர் பையைக் கொடுத்தாள். அவர் ஒரு பூவை எடுத்து, இதழைப் பார்க்காமல் காம்பைப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது என்ன, பூவா பார்சலா?"

செக்கரும் குனிந்து அந்தக் காம்பைப் பார்த்தாள்.

"அவனேதான். என் பிறந்தநாளுக்கு ஒருதடவை ஏதோ வாங்கிட்டு வந்தான். சுத்தியிருந்த டேப்பைப் பிரிக்கிறதுக்குள்ள எனக்கு இன்னொரு வயசு ஆகிடுச்சு." சொன்னவர் சிரிக்கவில்லை. பூவை மடியில் வைத்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

"சொல்லியிருந்தா நீங்க செஞ்சு குடுத்திருப்பீங்களா?" என்று செக்கர் கேட்டுவிட்டாள். கேட்கக் கூடாதுதான். மேசைக்கு வந்த சட்டையை மறுபக்கம் திருப்பிப் பார்க்காமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "மாட்டேன்" என்றார்.



"தம்பியைத் திட்டாதீங்க" என்றாள் செக்கர். "அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு எம் பொண்ணு அழுதிருக்கா, அத்தை மனசு மாறிட்டாங்கன்னு. வந்து பாத்தா எல்லாம் வெட்டிக் கிடக்குது. என்னை ஒரு வார்த்தை திட்டல அவ. அதான் எனக்குத் தாங்கல."

அழக்கூடாது என்று வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும், "பையை வச்சிட்டுப் போங்க" என்றார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. கேட்கும் தைரியம் செக்கருக்கும் வரவில்லை. போய்வந்ததைப் பற்றி வீட்டிலும் அவள் மூச்சுவிடவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததுமே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். வாடகை குறைவான மண்டபம். மேடைச் சுவர் சொறி பிடித்திருந்தது. அதன்மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, பூக்களைக் குத்தி மறைத்தார்கள். சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையும் நல்ல சட்டை போட்டுக்கொள்வதற்கு முன் ஏணியில் ஏறிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அம்மா வருவாரா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். செக்கர் பார்க்க வேண்டியதெல்லாம் பூக்கள், பார்த்ததெல்லாம் வாசல். ஒரு கோணல் பூ மேடைக்கு நடுவிலேயே தொங்கியது. அது அவள் கண்ணில் படவில்லை.

விருந்தினர்கள் வரத் தொடங்கும் முன், சம்பந்தியம்மா உள்ளே வந்தார். பட்டுப்புடவை, படிய வாரிய தலை, கையில் அந்தத் துணிப்பை. மேடையின் கீழே வந்து நின்று, பையை மகளிடம் நீட்டினார். "இதுக்கு எங்கயாவது இடம் இருக்கா பாரு."

மகள் பையைத் திறந்தாள். வெட்டுப்பட்ட பூக்கள்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்புறம் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டி, இதழ்கள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டிருந்தன. ஓரங்கள் அச்சு வைத்ததுபோல் நேராக இருந்தன. மகளுக்கு எங்கிருந்து இது வந்தது என்று புரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செக்கர் தரையைப் பார்த்தாள்.

"அத்தை, மன்னிச்சிருங்க" என்றாள் மகள். "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சது. அம்மா தெரியாம வெட்டிட்டாங்க."

ஏணிமேல் நின்ற மாப்பிள்ளை அப்படியே உறைந்துபோனான். முறுக்கிக்கொண்டிருந்த கம்பி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. தன் பொய் இந்த இடத்தில், இந்த நாளில், இரண்டு வீட்டார் முன்னாலும் உடையப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பொய்யைப் பொறுக்கமாட்டார். வார்டு முழுக்க அதற்குச் சாட்சி இருந்தது.

சம்பந்தியம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே மருமகளுக்குப் பதில் சொன்னார்.

"உங்கம்மா மேல தப்பில்ல. எனக்கு டேப்பு அளவாச் சுத்த வராது. ஆரம்பிச்சா சுத்திக்கிட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டு, மேடைமேல் ஏறி, தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.