ஆறாம் பாத்திக்கு வெயில் வரும் முன்

ஆறாம் பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்த அங்கம்மா, ஒரு தேயிலைக் கன்றின் கொழுந்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். காலையில் பச்சையாக இருந்த இலை, மதியத்துக்குள் வெந்த கீரையாகக் கறுத்துத் துவண்டுவிட்டது. எழுந்து கிழக்கே பெரிய பாறையடிக்குப் போய் முதல் பாத்தியைப் பார்த்தாள். அங்கே ஒரு கன்றுக்கும் ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஆறு பாத்திக்கும் ஒரே விதை, ஒரே மண், ஒரே ஊற்றுத் தண்ணீர். விடியும்போது ஆறு பாத்தியின் மேலும் உறைபனி உப்பைத் தூவினாற்போல் படிந்திருந்ததை அவளே கண்டாள். பாறையடியிலும் குறைவில்லை. அப்படியிருக்க, பாறைக்கு எட்டத்தில் இருக்கிற ஐந்தும் ஆறும் மட்டும் ஏன் கருக வேண்டும்?

"பாதையோரம் இருக்குல்ல. போறவ வாறவ கண்ணு பட்டிருச்சு," என்றாள் மாரியாயி. ஆறாம் பாத்தித் தலைமாட்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த சட்டி ஒன்றைக் கம்பில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"சட்டி வச்சு நாலு நாளாச்சு. கண்ணு இன்னும் சட்டியப் பாக்கலயாக்கும்?"

"ஒனக்கு எல்லாத்துலயும் எகத்தாளம்," என்று மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவள் கை, கருகிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே இருந்தது.

மாரியாயிக்கு எகத்தாளத்தை ரசிக்கிற நிலைமை இல்லை. வட்டப்பாறைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கன்று வளர்க்கும் இந்தத் தவறணையை மாரியாயியின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். மாதக் கடைசியில் துரை வந்து பார்ப்பார். ஐந்தும் ஆறும் போயிருந்தால் தவறணையை மூடிவிட்டு அவளை மொனராகலைப் பக்கத்து ரப்பர் காட்டுக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. முந்தின வருஷம் அவள் புருஷனும் அங்கேதான் போனான். மழைக்காலக் காய்ச்சல் அவனைத் திரும்ப விடவில்லை. மாரியாயி அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. அங்கம்மாவும் அவளும் ஒரே கப்பலில் வந்தவர்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒற்றைச் சுவர். விடியுமுன் யார் முதலில் எழுந்தாலும் சுவரை மூன்று முறை தட்டுவது வழக்கம். அந்தச் சுவருக்கு அப்பால் வேறு யாரோ படுத்திருப்பதை அங்கம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அங்கம்மா கொழுந்து பறிப்பவள். பனி விழுந்த காலைகளில், இலை மேல் பனி கரையும் வரை பறிக்கிறவர்களை மலைக்கு விடமாட்டார்கள். விடியலில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கொடுத்த பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் மாரியாயியோடு தவறணைக்கு ஓடினாள்.

ஓடித்தான் ஆகவேண்டும். எல்லா இரவும் உறைபனி விழாது. மேகம் மூடிய இரவில் மலைக்குப் போர்வை போட்ட மாதிரி. சூடு தரையிலேயே தங்கிவிடும். காற்று அடித்தாலும் விழாது. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்து, ஒரு இலை கூட அசையாத இரவில்தான் தரைச்சூடு முழுக்க மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தவறணை அப்படியொரு பள்ளத்தில் இருந்தது. பாதையில் இறங்க இறங்க, குளத்துக்குள் இறங்குவது மாதிரி குளிர் முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறும். புல் காலடியில் நொறுங்கும். வெறுங்காலோடு மெதுவாக நடந்தால் பாதி வழியில் பாதம் மரத்துப் போகும். ஆகவே இருவரும் கம்பளியைத் தலையோடு போர்த்து, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வாயிலிருந்து புகை வந்தது.

"பாரு, துரைசாணி மாதிரி சுருட்டு குடிக்கிறா," என்பாள் மாரியாயி.

"எந்தத் துரைசாணிடி சுருட்டு குடிச்சா?"

"ஒன்னப் பாத்தா குடிப்பா."

சிரித்தால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கால் தடுமாறும். அப்படியும் சிரித்தார்கள்.

அங்கம்மா புதிரை விடவில்லை. ஆறாம் பாத்தியிலிருந்து மூன்று கன்றுகளை மண்ணோடு பெயர்த்துப் பாறையடியில் நட்டாள். அங்கிருந்து மூன்றை எடுத்து ஆறில் நட்டாள். அடுத்த பனிக்குப் பாறையடிக்குப் போன மூன்றும் தப்பின. ஆறுக்கு வந்த மூன்றும் கருகின. குற்றம் கன்றில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்தது. இடத்தில் என்ன குற்றம் என்பது தெரியவில்லை.

மாரியாயி வேறு வழி பார்த்தாள். குளிரில் நடுங்குகிற பிள்ளைக்கு என்ன செய்வோமோ அதையே செய்தாள். லயத்து அடுப்பிலிருந்து தணலைச் சட்டியில் அள்ளி வந்து, பொழுது கிளம்பும் நேரத்தில் கன்றுகளின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு நாளும் சட்டியை ஒட்டியிருந்த கன்றுகள்தான் முதலில் கருகின.

"நான் தொட்டதெல்லாம் இப்பிடித்தான் புள்ள," என்றாள். அன்று அவள் பகடி பேசவில்லை.

மூன்றாம் நாள் பனி கடுமையாக விழுந்தது. பாதி வழியில் மாரியாயி அங்கம்மாவின் கையை விட்டுவிட்டுத் தணல் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நொண்டினாள். தவறணையை அடைந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்து, கட்டையாகிப்போன பாதங்களைத் தணலுக்கு மேலே நீட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு துடித்துக் காலை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, ஊசியால குத்துதுடி. எலும்புக்குள்ள குத்துது."

"சட்டிய அங்கிட்டுத் தள்ளு." அங்கம்மா ஊற்றுக்கு ஓடினாள். அந்தக் குளிரில் ஊற்று மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மண்ணுக்கு ஆழத்திலிருந்து வரும் தண்ணீருக்குப் பனியைப் பற்றித் தெரியாது. அது கோடையிலும் தையிலும் ஒரே சூட்டில்தான் வரும். தகரத்தில் மொண்டு வந்து, மாரியாயியின் பாதங்களை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். விரல் விரலாக உருவிவிட்டாள். சேற்றுப்புண்ணும் அட்டைக்கடித் தழும்பும் நிறைந்த அந்தப் பாதங்கள் இவ்வளவு சிறியவை என்பதை அன்றுதான் கவனித்தாள்.

"குத்துதா?"

"இல்ல. நல்லாருக்கு." மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தணல் எரிஞ்சுச்சு. இது பதமா இருக்கு. எப்பிடிப் புள்ள?"

அங்கம்மா தகரத்தைக் கீழே வைத்தாள். அவள் எதிரே மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் விழுந்த வெயில் ஒரு மஞ்சள் கோடாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது பாறைக்குப் பின்னாலிருந்து கிளம்பியதால் பாறையின் நிழல் தவறணை முழுவதையும் மூடியிருந்தது. பொழுது ஏற ஏற நிழல் பாறையை நோக்கிச் சுருங்கும். ஆகவே வெயில் முதலில் தொடுவது, பாறைக்கு எட்டத்தில் இருக்கிற ஆறாம் பாத்தியை. அடுத்து ஐந்து. முதல் பாத்திக்கு அது வந்து சேரும்போது காற்றே இளஞ்சூடாகி, நிழலுக்குள்ளேயே பனி சொட்டுச் சொட்டாகக் கரைந்து முடிந்திருக்கும்.

"மாரி, கன்னுகளப் பனி கருக்கலடி. பனியோட இருக்கையில வெயிலு வந்து தொடுதே, அதுதான் ஒங் காலுக்குத் தணலாட்டம் கருக்குது."

அவள் சொல்லி முடிக்கும்போது கோடு ஆறாம் பாத்திக்குள் வந்துவிட்டது. அங்கம்மா தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். ஆறை விட்டுவிட்டு ஐந்தில் ஊற்றினாள். பாதிப் பாத்தி நனைவதற்குள் வெயில் அவளைத் தாண்டிப் போனது. மதியம் போய்ப் பார்த்தபோது ஆறில் கொழுந்துகள் கறுத்திருந்தன. ஐந்தில் நனையாத பாதி கறுத்திருந்தது. நனைந்த பாதி பச்சையாக நின்றது. மாரியாயி கம்பிலிருந்து சட்டியைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

மிச்சம் ஒரே சிக்கல்தான். பெரட்டில் முதலில் கொழுந்துக்காரிகளின் பேர், பிறகு புல்லு வெட்டுகிறவர்கள், செடி வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர்கள், கடைசியில்தான் தவறணை. மாரியாயியின் பேர் வரும்போது மேற்கு மலை பாதி மஞ்சளாகியிருக்கும். அன்று மாலை இருவரும் கங்காணி இராசையாவிடம் போய் நின்றார்கள்.

"தவறணைப் பேர மொதல்ல கூப்பிட்டா பனி பயந்துக்குமா?" என்றார் கங்காணி.

"பனிக்கு இல்லீங்க, வெயிலுக்கு முன்னால போகணும்," என்றாள் அங்கம்மா. "மரத்த கால நெருப்புல காட்டினா என்னா ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

கங்காணி தன் காலைப் பார்த்துக்கொண்டார். அவரும் வெறுங்காலோடு இந்த மலைக்கு வந்தவர்தான். "பாதிப் பாத்தி பச்சையா நிக்கிறத நானும் பாத்தேன்," என்றார். "மாசக் கடைசி மட்டும் கூப்பிடுறேன். அதுக்கு மேல தொரை பாடு."

மறுநாள் சுவர் மூன்று முறை தட்டப்பட்டபோது அங்கம்மா ஏற்கெனவே கம்பளியைப் போர்த்தி, தானும் தட்டக் கையை ஓங்கி நின்றிருந்தாள். முதல் பேர் மாரியாயியுடையது. இரண்டாவதாகக் கங்காணி, கேட்காமலே, அங்கம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் ஓடினார்கள். கையில் தணல் இல்லாததால் மறுபடியும் கை கோத்துக்கொள்ள முடிந்தது. புல் நொறுங்கியது. மேற்கு மலை உச்சியில் மஞ்சள் விழுந்து, எதிர்ச் சரிவில் அவர்களை நோக்கி இறங்கத் தொடங்கியது. அவர்கள் இந்தப் பக்கத்தால் அதைவிட வேகமாக இறங்கினார்கள்.

"அது ஒத்தையா வருது," என்றாள் மாரியாயி மூச்சு வாங்க. "நாம ரெண்டு பேரு."

ஊற்று ஆவி விட்டது. ஒருத்தி மொண்டாள், ஒருத்தி ஊற்றினாள். ஆறாம் பாத்தியின் கடைசிக் கன்று நனைந்து, மிஞ்சிய இலைகளில் பச்சை காட்டியபோது வெயில் இன்னும் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றது. அவர்கள் ஐந்துக்கு நகர்ந்தார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உறைபனி விழுந்த காலையில் நெருப்பு வைக்கக் கூடாது, வெயில் முதலில் தொடும் பாத்தியில் தொடங்கிப் பாறையை நோக்கிப் போக வேண்டும், இலை வெயிலைக் காணும் முன், அப்போதே மொண்ட ஊற்றுத் தண்ணீரை, பனி முழுக்கக் கரையும் வரை மேலே ஊற்ற வேண்டும்.